கண் பார்க்கிற பிள்ளை

காலை எட்டு மணிக்கு எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு மணங்கள் ஒன்றாகக் கலந்து நிற்கும். ஒன்று, சாமிப் படத்தின் முன்னால் எரிகிற தேங்காயெண்ணெய் விளக்கின் திரி கருகும் மணம். மற்றது, திருக்கோணமலைத் துறைமுகத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற யுத்தக் கப்பல்களிலிருந்து கடற்காற்றோடு வருகிற கறுப்பெண்ணெய் மணம். கற்பூரத்துக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டதால் அது வெள்ளிக்கிழமைகளில் மட்டும், அதுவும் சுண்டுவிரல் நகமளவு. இன்றைக்கும் எங்காவது அந்த எண்ணெய் மணம் மூக்கில் ஏறினால் எனக்குத் தேவாரம் கேட்கிறது.

அது இரண்டாம் உலக யுத்த காலம். எனக்கு அப்போது ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. எங்களுடையது அரைச்சுவரும் ஓலைக்கூரையுமாக இருந்த ஒரு சிறு சைவப் பள்ளிக்கூடம். மணி அடித்ததும் வகுப்பு வகுப்பாக வந்து வரிசையில் நின்று, நெற்றியில் திருநீறு வாங்கி, கண்ணை மூடிக் கைகூப்ப வேண்டும். குரல் நல்ல ஒரு பிள்ளை தேவாரத்தின் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து திருப்பிப் படிக்க வேண்டும். அது முடிந்ததும், பெரிய வாத்தியார் தொண்டையைச் செருமும் வரைக்கும் வாய் திறக்காமல் மனதுக்குள் கும்பிட வேண்டும். யுத்தத்துக்கு முன் அந்தச் செருமல் விரைவாகவே வந்துவிடும். யுத்தம் வந்த பிறகு, காலுளைய நின்றாலும் அது வருவதில்லை. ஊரைக் காப்பாற்றுகிற வேலை எங்கள் தலையில் இருக்கிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார், எங்களையும் நம்ப வைத்தார். "நீங்கள் ஒழுங்காக் கும்பிடுறபடியாத்தான் இன்னும் இஞ்சை குண்டு விழேல்லை" என்று வாரத்தில் இரண்டு நாளாவது சொல்லுவார். முற்றத்தில் வெட்டி வைத்திருந்த பதுங்கு குழியைவிட எங்களுக்கு அந்தச் சொல்லில்தான் நம்பிக்கை.

ஆனால் கும்பிடுகிற நேரம் பார்த்துத்தான் சீனக்குடா விமானத்தளத்திலிருந்து "ஆகாயக்கப்பல்" எழும்பும். கூரை அதிரத் தலைக்கு மேலாகப் போகும்போது நூறு பிள்ளைகளில் எண்பது பேர் கண்ணைத் திறந்து அரைச்சுவருக்கு வெளியே எட்டிப் பார்ப்பார்கள். பெரிய வாத்தியாருக்கு இது பொறுக்கவில்லை. அவரோ கண்ணை மூடினால் உலகத்தை மறந்து கும்பிடுகிற மனிதர். பிள்ளைகளைக் காவல் காத்துக்கொண்டு கும்பிட அவருக்கு ஏலாது. அதற்காக அவர் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். ஒரு பிள்ளை மட்டும் சாமிப் படத்துக்கு முதுகைக் காட்டி, மற்றவர்களைப் பார்த்தபடி கண்ணைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும். கும்பிட்டு முடிந்ததும் அவர் கேட்பார்: "ஆர் கண் திறந்தது?" அந்தப் பிள்ளை பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் வந்தவர்களுக்கு அடி கிடையாது. அடுத்த நாள் வழிபாட்டில் சேராமல், திருநீறும் இல்லாமல், வெளியே பூவரச மரத்தடியில் நிற்க வேண்டும். மரத்தடியில் ஏற்கெனவே எங்கள் பள்ளியில் படித்த இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் எங்கள் வழிபாடு முடியும் வரை விளையாடிக்கொண்டிருப்பார்கள். அழுதுகொண்டு வந்து நிற்கிறவர்களைப் பார்த்து, தாங்கள் ஒவ்வொரு நாளும் நிற்கிற இடத்துக்கு வர இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று அவர்கள் வியப்பார்கள்.

"கண் பார்க்கிற பிள்ளை" என்று அந்த வேலைக்குப் பெயரே விழுந்துவிட்டது. அது எனக்குத்தான் வாய்த்தது. தேவாரம் எடுத்துக் கொடுக்க ஆசைப்பட்டு நான் ஒரு நாள் பாடிக் காட்டியதில், என் குரல் காகத்துக்கு அக்காமுறை என்பது எல்லோருக்கும் விளங்கியிருந்தது. அந்தக் குறைக்கு ஈடாக இந்தப் பதவி. முதல் ஒரு கிழமை எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. பிறகுதான் தெரிந்தது, இது நண்பர்களைச் சம்பாதிக்கிற உத்தியோகம் அல்ல என்று. விளையாட்டுக்குச் சேர்க்கமாட்டார்கள், புளியங்காய் தரமாட்டார்கள், நான் போய் நின்றால் கதையை நிறுத்துவார்கள். இன்னொரு சங்கடமும் இருந்தது. நாளாக நாளாகப் பிள்ளைகள் பயந்து, கண்ணை இறுக்கி மூடத் தொடங்கிவிட்டார்கள். ஒருவரும் திறக்கவில்லை என்று நான் சொன்ன முதல் நாள் பெரிய வாத்தியாரின் முகம் கறுத்தது. "அப்ப நீ வடிவாப் பாக்கேல்லை" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு பெயர் என்னிடம் இருந்தது. திறந்தவர்கள் இருந்தால் அவர்கள் பெயர். இல்லாவிட்டால், முந்தின நாள் என்னைப் பார்த்து முகம் நெளித்தவர்களின் பெயர்.

என்னோடு ஒதுங்காமல் பழகியவள் ஒருத்திதான், கனகமணி. தேவாரம் எடுத்துக் கொடுப்பவளே அவள்தான். எனக்குக் கிடைக்காத இடத்தில் நின்றவள். அவளுடைய தகப்பனார் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற இடத்தில் கூலி வேலைக்குச் சேர்ந்திருந்தார். சண்டை வந்தால் முதற் குண்டு அங்கேதான் விழும் என்று ஊரெல்லாம் கதை. கனகமணி ஒரு நேர்த்தி வைத்தாள். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், பள்ளி நாட்களில் பள்ளிக்கூட வழிபாட்டிலும் மற்ற நாட்களில் பிள்ளையார் கோயிலிலுமாக ஒரு நாளும் விடாமல், கண் திறக்காமல் கும்பிட்டால் அப்பாவுக்கு ஒன்றும் வராது என்பது அவள் கணக்கு. இதை அவள் தாய்க்குக்கூடச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொன்னாள். எத்தனையாம் நாள் என்று ஒவ்வொரு நாளும் என் காதுக்குள் சொல்லுவாள்.

நாற்பதாம் நாள் அவள் ஒரு தகரப் பேணி நிறைய "விசுக்கோத்து" கொண்டு வந்தாள். கப்பற்காரர் யாரோ அவளுடைய அப்பாவிடம் கொடுத்தது. இடைவேளையில் வரிசையாக எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தாள். ஒருவரும் பக்கத்தில் சேர்க்காத நான் கடைசியில் நின்றேன். என்னிடம் வரும்போது பேணியில் தூள்தான் இருந்தது. பேணியைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்துவிட்டு, "முடிஞ்சு போச்சு. நாளைக்கு உனக்கெண்டு தனியக் கொண்டு வாறன்" என்றாள். அவள் சிரித்ததைக் கண்டு, பக்கத்தில் தின்றுகொண்டு நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அந்த நாலு பேரின் சிரிப்பையும் நான் அவளுடைய கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்.

அடுத்த நாள் வழிபாட்டின்போது இரண்டு ஆகாயக்கப்பல்கள் தாழப் பறந்தன. சின்ன வகுப்பில் ஒருவன் கண்ணோடு வாயையும் சேர்த்துத் திறந்தான். கனகமணி திறக்கவில்லை. நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இமை இரண்டையும் சுருங்கச் சுருங்க மூடி, இரைச்சலில் அடி பிசகாமல் தேவாரத்தை எடுத்துக் கொடுத்தாள். பெரிய வாத்தியார் செருமினார். ஆர் கண் திறந்தது என்று கேட்டார்.

"கனகமணி" என்றேன்.

அவள் இல்லையென்று மறுப்பாள், நான் வாதாட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவள் மறுக்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு தன் விரலால் தன் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறவர்களுக்குத் தங்கள் கண் மூடித்தான் இருந்தது என்று சாட்சி சொல்ல முடியுமா? இரைச்சல் கேட்டுத் திடுக்கிட்டது உண்மை, அப்போது ஒரு கணம் திறந்திருக்குமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கண் பார்க்கிற பிள்ளை கண்டேன் என்று சொன்னால் அது கண்டதுதான். அவள் அப்படித்தான் நம்பினாள். இடைவேளையில் அழுது வீங்கிய முகத்தோடு வந்து, தாளில் சுற்றிய இரண்டு விசுக்கோத்தை என் கையில் வைத்தாள். முந்தின நாள் சொன்ன சொல்லாம். நான் அதை வாங்கித் தின்றேன். எழுபது வயது தாண்டியும் என்னால் மன்னிக்க முடியாதது பொய்யா, அந்தத் தீனியா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மறுநாள் அவள் மரத்தடியில் நின்றாள். வேறொரு பிள்ளை தேவாரம் எடுத்துக் கொடுத்தது. நேர்த்தி அதோடு முறிந்தது.

அதற்கு அடுத்த நாள் காலை, நாங்கள் பள்ளிக்கு வெளிக்கிட முன்பே, அபாயச் சங்கு ஊதியது. ஒத்திகை என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு நிலம் அதிர்ந்தது, குசினியில் சட்டி பானை எல்லாம் உருண்டது. அம்மா என்னையும் தம்பியையும் கட்டிலுக்குக் கீழே தள்ளித் தானும் புகுந்துகொண்டார். வெளியே வந்து பார்த்தபோது சீனக்குடாப் பக்கம் வானம் பாதி கறுத்திருந்தது. அன்று பகலே ஊர் காலியாகத் தொடங்கியது. கந்தளாய்க்குச் சிலர், மூதூருக்குச் சிலர். நாங்கள் ஒரு மாட்டுவண்டியில் நிலாவெளிக்குப் போய், ஒரு தென்னந்தோப்பில் கரைவலைக்காரர் வலை போட்டு வைக்கிற கொட்டிலில் ஒதுங்கினோம்.

மூன்றாம் நாள் அதே தோப்புக்குக் கனகமணியும் தாயும் வந்தார்கள். தாயின் கழுத்தில் தாலி இல்லை. தகப்பனாரின் உடம்பை வீட்டுக்குக் கொண்டுவரக்கூட முடியவில்லை என்று பெரியவர்கள் தங்களுக்குள் கதைத்தது எங்களுக்கும் கேட்டது. பெண்கள் தாயைச் சுற்றி இருந்து அழுதார்கள். கனகமணி அழவில்லை. என்னைத் தேடிக்கொண்டு கொட்டிலின் பின்பக்கத்துக்கு வந்தாள்.

"நீ வடிவாக் கண்டனியோ?" என்று கேட்டாள். "நான் கண் திறந்தனான்தானோ?"

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளங்காது என்று பிற்காலத்தில் எத்தனையோ முறை எனக்கு நானே வக்கீலாக நின்று பார்த்திருக்கிறேன். வழக்கு நிற்பதில்லை. எனக்கு நன்றாக விளங்கியது. நேர்த்தி முறிந்ததால் அவர் செத்தார் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை. முறித்தது அவளா நானா என்பதுதான் கேள்வி. இல்லை என்று சொன்னால் அவருடைய சாவு என் தலையில் வந்து நிற்கும். நான் தலையாட்டினேன். ஓம், கண்டேன் என்று தலையாட்டினேன். அவளும் சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனாள். இரண்டு நாளில் அவர்கள் தாயின் ஊரான வெருகல் பக்கம் போய்விட்டார்கள்.

குண்டு போடுகிறவனுக்கு எங்கள் பள்ளிக்கூடத் தேவாரமும் தெரியாது, நாற்பத்தோராம் நாளும் தெரியாது. காகம் குந்தப் பனம்பழம் விழுந்த கதைதான் என்று வளர்ந்த பிறகு எனக்கு விளங்கியது. ஆனால் விளங்கியது எனக்கு மட்டும்தான். அவளுக்கு அதைப் போய்ச் சொல்லக் கலியாணம், பிள்ளைகள், இடம்பெயர்வு, எங்கள் ஊர் பிறகு கண்ட இன்னொரு யுத்தம் என்று அறுபது வருஷத்துக்குச் சாட்டு இருந்தது. சாட்டு எல்லாம் தீர்ந்த பிறகு, உப்புவெளியில் மகளோடு இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஓட்டோ பிடித்துப் போனேன்.

கண்டவுடன் அடையாளம் பிடித்தாள். என் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லாம் விசாரித்தாள். மகள் தேத்தண்ணீரோடு வந்து, அம்மாவைப் பற்றிப் பகிடியாகக் குறை சொன்னாள். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருவாவாம், ஆனால் ஒரு நாளும் உள்ளே காலெடுத்து வைக்கமாட்டாவாம். மழையானாலும் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு, திருநீறும் வாங்காமல் திரும்பிவிடுவாவாம். கலியாணம்கூட வீட்டிலேதான் நடந்ததாம். மகள் சிரித்தாள். கனகமணி என்னைப் பார்த்து, உனக்குத் தெரியும்தானே என்கிற மாதிரிச் சிரித்தாள்.

மகள் உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். நீ கண் திறக்கவில்லை, நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரு விசுக்கோத்துக்காகப் பொய் சொன்னேன், நிலாவெளியில் கேட்டபோதும் பொய் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்குவது தெரிந்தது. அவள் திட்டுவாள் அல்லது அழுவாள், இரண்டும் எனக்குச் சம்மதம் என்று இருந்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"அப்ப, அப்பா ஏன் செத்தவர்?" என்றாள்.

காகத்தையும் பனம்பழத்தையும் அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருஷமும் அந்தச் சாவுக்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. கொடியதுதான், ஆனாலும் அவள் அதைக் கட்டிக்கொண்டு வாழப் பழகியிருந்தாள். என் பாரத்தை இறக்கப் போய் அதையும் பிடுங்கிவிட்டேன். இருட்டுகிறது என்று சொல்லி எழும்பி வந்துவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடம் இப்போது மூன்று மாடி. பூவரசும் இல்லை, பதுங்கு குழியும் இல்லை. காலையில் தேவாரம் ஒலிபெருக்கியில் வருகிறது. பிள்ளைகள் சிலர் மூடியும் சிலர் திறந்தும் நிற்கிறார்கள், யாரும் யாரையும் காட்டிக் கொடுப்பதில்லை. போன மாதம் கனகமணியின் மகள் தொலைபேசி எடுத்தாள். அம்மா இப்போது கோயில் வாசலுக்கும் வருவதில்லையாம், வீட்டில் விளக்கு வைப்பதையும் விட்டுவிட்டாவாம்.

"அண்டைக்கு நீங்கள் வந்துபோன பிறகுதான் இப்பிடி. உங்களுக்கு ஏதும் தெரியுமோ மாமி?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொன்னேன்.