டேப்புக்கு வைத்த பொட்டு

புது மெஷின் வரப்போகிறது என்று ஆபீசர் மேடம் சொன்னபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இனி டேப் மாற்ற ஆள் வேண்டாம். டேப் மாற்றுகிற ஆள் நான்.

மைசூரில் ஒரு பம்பு கம்பெனி. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே கம்ப்யூட்டர் ரூமில் வேலை பார்த்தேன். அதற்கு முன் ஆறு வருடம் லோடிங். முதுகு போய்விட்டது. இனி எடை தூக்கக்கூடாது என்றார் டாக்டர். கம்ப்யூட்டர் ரூமில் தூக்க ஒன்றும் இல்லை. ஏசி வேறு.

என் வேலை இதுதான். செய்கிற பம்பு ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, அந்த விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அது டேப்பில் இறங்கும். டேப் என்றால் பாட்டுக் கேசட் மாதிரிதான், அதைவிடச் சின்னது. இன்றைக்கு உள்ளதை எடுத்து நாளைக்கு உள்ளதைப் போட வேண்டும். கம்ப்யூட்டர் கெட்டாலும் டேப்பில் இருப்பது இருக்கும். பம்பு வாங்கியவர்கள் பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் காட்டியாக வேண்டும். கம்பெனி அப்படி எழுதிக் கொடுத்திருந்தது.

டேப்பின் மேல் இங்கிலீஷில் எழுதியிருக்கும். நான் ஹனூர் பக்கத்துக் கிராமம். தமிழில் மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. எனக்கு எல்லா டேப்பும் ஒன்றுபோலத்தான். அதனால் பொட்டு வைத்தேன். ஸ்டிக்கர் பொட்டு. திங்கள் மஞ்சள், செவ்வாய் பச்சை, இப்படி. இதெல்லாம் மெல்லிசு, சின்னது. மாதக் கடைசி டேப்பை அழிக்கக்கூடாது, பத்து வருடம் வைக்க வேண்டும். அதை வெளியே எடுத்ததும் பெரிய சிவப்பு வெல்வெட் பொட்டு வைத்து பீரோவில் அடுக்குவேன். மூன்று வருடத்தில் ஒரு டேப்கூட மாறிப்போகவில்லை.

வீட்டில் சம்சாரம் கேட்பாள்.

“ஏனுங்க, பொட்டு வாங்கறது எனக்கா, உங்க டேப்புக்கா?”

“ரெண்டுக்குந்தான்.”

“எனக்கு சாதா. அதுக்கு மட்டும் வெல்வெட்டா?”

மெஷின் வருவதற்கு முந்தின வாரம் மேடம் கூப்பிட்டார். மேடம் பிறந்து வளர்ந்ததெல்லாம் மைசூர். வீட்டில் தமிழ், மற்ற இடமெல்லாம் கன்னடம். பேச்சில் இரண்டும் கலக்கும்: பார் என்பதற்கு நோடு, செய் என்பதற்கு மாடு.

“நோடு, ஒண்ணாந்தேதியிலேர்ந்து நீ லோடிங்குக்குப் போயிடு. இங்க மெஷினே எல்லாம் மாடுதாம்.”

“சரிங்க மேடம்.”

வீட்டில் சொன்னேன். “அப்ப முதுகு?” என்றாள். பார்க்கலாம் என்றேன்.

மெஷின் வந்தது. ஃபிரிட்ஜில் பாதி இருக்கும். நாலு பேர் தூக்கினார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். பொருத்த ஒரு இன்ஜினியர் வந்தார். சென்னைக்காரர், சின்ன வயது, ஓயாமல் பேசுவார். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்க்கலாம். ஒரு பக்கம் இருபது டேப்புக்குத் தட்டு. இன்னொரு பக்கம் டேப் ஓடுகிற வாய் இரண்டு. நடுவில் ஒரு கை. கை போய் டேப்பை எடுக்கும், வாயில் வைக்கும், முடிந்ததும் எடுத்துத் தட்டில் வைக்கும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் ஒயர் இழுத்தார், கம்ப்யூட்டரில் தட்டினார். நான் டார்ச் பிடித்தேன்.

“தினசரி டேப்ப நாலு வாரத்துல திருப்பி எழுதிக்கும்ணே. மாசக் கடைசி டேப்ப பத்து வருஷம் தொடாது. நானே சொன்னாலும் அழிக்காது” என்றார்.

“பத்து வருஷம் இந்த மெஷின் இருக்குங்களா சார்?”

“மெஷின் எங்கண்ணே இருக்கப்போவுது? டேப் இருக்கும்.”

“அப்பறம் அதை எதுலீங்க போட்டுப் பாக்கறது?”

டார்ச் வெளிச்சத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். மேடம் கையெழுத்து போடுற வரைக்கும் இதைக் கேட்டுடாதீங்க.”

மூன்றாம் நாள் பழைய மாதக் கடைசி டேப்புகளைப் புது டேப்பில் இறக்க வேண்டும். பீரோவில் இருந்ததில் முதல் பத்தை வரிசையாகத் தட்டில் வைத்தேன். மேடம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கை ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு டேப் முடிந்தது. ஏழாவது வாய்க்குள் போனது. வெளியே வரவில்லை. மெஷின் கீச் கீச் என்று கத்தியது.

இன்ஜினியர் நிறுத்தித் திறந்தார். டேப்பை மெதுவாக இழுத்தார். உள்ளே இருந்த நாடா இடியாப்பம் மாதிரி கசங்கி வந்தது. பிறகு இடுக்கி விட்டு எதையோ எடுத்தார். சிவப்புப் பொட்டு. சூட்டில் பசை இளகி உள்ளே ஒட்டியிருக்கிறது.

“இது எப்படி உள்ள போச்சு?” என்றார்.

மேடத்தின் கை சட்டென்று அவர் நெற்றிக்குப் போனது. அவர் பொட்டு அங்கேயே இருந்தது.

“என் சம்சாரத்தோடதுங்க” என்றேன். “நாந்தான் வெச்சேன். அடையாளத்துக்கு.”

“எல்லா டேப்புக்குமா?”

“ஆமாங்க மேடம்.”

பொட்டு வைத்த பிறகு மாதக் கடைசி டேப் எந்த மெஷினுக்குள்ளும் போனதில்லை. அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. நான் அதை யோசித்திருக்க வேண்டும்.

மேடம் கசங்கிய டேப்பின் மேல் இருந்த எழுத்தைப் படித்தார். முகம் மாறிவிட்டது. அந்த மாதத்துப் பம்புகளின் விவரம் கேட்டுப் போன வாரம்தான் வாங்கியவர்களிடமிருந்து லெட்டர் வந்திருந்ததாம்.

“போச்சு. இதைத் திருப்பி எங்கேர்ந்து கொண்டுவர்றது?”

நான்தான் சொன்னேன்.

“இன்னொண்ணு இருக்குதுங்க.”

“என்ன இன்னொண்ணு?”

“இதே மாசத்து டேப்பு. மண்டி மொஹல்லாவுல, நம்ம கடையில.”

நான் கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்த மாதமே, முன்னால் இருந்த ஆபீசர் வேலையை விட்டுப் போகும் முன் சொன்னது. மாதக் கடைசியில் இரண்டு டேப் இறக்கு. ஒன்றை இங்கே வை. ஒன்றை டவுனில் மண்டி மொஹல்லா கடைத்தெருவில் நம் கம்பெனி பம்புக் கடை இரும்பு பீரோவில் வை. இங்கே தீப்பிடித்தால் அங்கே இருக்கும் என்றார். அவர் போனார், மேடம் வந்தார். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. மாதாமாதம் சைக்கிளில் கொண்டுபோய் வைத்தேன். வெயில் படக்கூடாது என்று டிபன் கேரியரின் மேல் அடுக்கில், துணி சுற்றி.

“ஹௌதா? மூணு வருஷமாவா? என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலீங்களே.”

இன்ஜினியர் சிரிப்பை அடக்க முடியாமல் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டார்.

மேடமும் நானும் ஆட்டோவில் போனோம். சந்துக்குள் ஆட்டோ போகாது. இறங்கி நடந்தோம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், “என்ன, மாசம் முடியறதுக்குள்ள வந்துட்டே? கேரியர் எங்கே?” என்றார். பிறகு மேடத்திடம், “இவரு இங்க சாப்பிடத்தான் வர்றார்னு நெனச்சிட்டிருந்தேன் மேடம். பீரோவத் தொறந்து மூடுவாரு, போயிடுவாரு. சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல” என்றார்.

பீரோவில் பெல்ட் கட்டுகளுக்குப் பின்னால் டேப்புகள் அடுக்கியபடி இருந்தன. அடியிலிருந்து எண்ணி ஏழாவதை உருவினேன்.

“இதுக்கு ஏன் பொட்டு இல்ல?” என்றார் மேடம்.

“இதுக்கும் வெச்சா வீட்ல அவளுக்கு மிஞ்சாதுங்க. இங்க அடுக்குன வரிசைதானுங்க அடையாளம்.”

திரும்பி வந்து மெஷினில் வைத்தோம். கை எடுத்தது, வாய் வாங்கிக்கொண்டது. அரை மணி நேரத்தில் வெளியே வந்தது. மேடம் திரையில் பம்பு நம்பர்களை வாய்விட்டுப் படித்தார். பத்து, இருபது படித்தபின், “எல்லாம் இருக்கு” என்றார்.

இன்ஜினியர் ஒரு தாளை நீட்டினார். மெஷினைச் சரியாகப் பொருத்தியாயிற்று என்று மேடம் கையெழுத்துப் போடுவதற்கு. அதில் ஒரு இடம் காலி. வேறு கட்டிடத்தில் வைக்கும் டேப்புக்கு யார் பொறுப்பு என்று எழுத வேண்டுமாம்.

“கை இருக்குற மெஷின்தான் மேடம். மண்டி மொஹல்லாவுக்கு நடக்காது” என்றார்.

மேடம் என்னைப் பார்த்தார்.

“லோடிங்குக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்றேன். இனிமே மாசம் ஒரு தடவ இல்ல, வாரா வாரம் கொண்டுபோ. மொதல்ல அந்தப் பொட்டெல்லாம் பிச்சு எடு.”

அந்தக் காலி இடத்தில் தமிழில் என் பெயரை எழுதினேன். பிறகு ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு பொட்டாக எடுத்தேன். மத்தியானம் முழுக்க ஆனது. மேடம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு டேப்பிலும் எனக்குத் தெரிகிற மாதிரி பெரிசாக நம்பர் எழுதினார்.

சாயங்காலம் மீதி வெல்வெட் பொட்டு அட்டையைச் சம்சாரத்திடம் கொடுத்தேன்.

“டேப்புக்கு?”

“இனி வேண்டாமாம்.”

“லோடிங்கு?”

“அதுவும் வேண்டாமாம்.”

ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணாடி பார்த்தாள். சனிக்கிழமை எனக்குக் கேரியர் கட்டும்போது மேல் அடுக்கைக் காலியாக விட்டு, கீழ் அடுக்கில் புளியோதரை வைத்திருந்தாள். அன்றைக்கு மண்டி மொஹல்லா கடையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கடைக்காரரும் ஒரு கை வாங்கிக்கொண்டார்.