சிவப்புப் பேசினும் நீலப் பேசினும்

என் தம்பி மனைவி அராங்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய கைப்பையில்தான் தொடங்க வேண்டும். மேட்டு ஊர்க் கடைக்காரன் ஒருநாள், எதையோ திருடிவிட்டாள் என்று எல்லோர் முன்னாலும் அந்தப் பையைத் திறந்து காட்டச் சொன்னான். அன்று திறந்து காட்டிவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து அவன் கேட்பதற்கு முன்பே மேஜைமேல் பையைக் கவிழ்த்துக் கொட்ட ஆரம்பித்தாள். சீப்பு, பழைய பஸ் டிக்கெட், கடித்து மிச்சம் வைத்த பிஸ்கட், மாதா படம். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, "இது என்னோடது. இதுவும் என்னோடது" என்பாள். பின்னால் வரிசை வாசல் வரை நிற்கும். நான்கு வருஷம் இந்தக் கூத்து நடந்தது.

கடைசியில் கடைக்காரன் கும்பிடாத குறையாகச் சொன்னான். "அம்மா தாயே, உன் பையை நான் பாக்கவே வேணாம்."

"அதெப்படி? பாத்துத்தான் ஆகணும்" என்று இன்னொரு வருஷம் கொட்டினாள்.

அராங்கா அப்படிப்பட்டவள். மறக்கவும் மாட்டாள், மன்னிக்கவும் மாட்டாள். எனக்கு அவளைப் பிடித்ததே அதனால்தான். மன்னிப்பது நல்ல குணம் என்று பாதிரியார் சொல்வார். அவர் பிள்ளையை யாரும் மந்தம் என்று எழுதிக் கொடுத்ததில்லை, அவருக்குப் பிள்ளையும் இல்லை.

நாங்கள் ரோமா ஜனங்கள். ஓடைக்குக் கீழே எங்கள் குடியிருப்பு, மேட்டில் ஸ்லோவாக்கியர்களின் ஊர். அவர்களை நாங்கள் காஜோ என்போம். அவர்கள் எங்களை என்னவென்று அழைப்பார்கள் என்பதை இங்கே எழுதி என் நாக்கை அழுக்காக்கிக்கொள்ள விரும்பவில்லை.

அராங்காவுக்கு ஆறு வயதானபோது பள்ளியில் சேர்க்கும் முன் ஒரு சோதனை வைத்தார்கள். சோதித்தவள் ஒதீலியா பிளாஷ்கோவா என்ற மனநல ஆலோசகர். அப்போதுதான் படித்து முடித்து வந்த இளம்பெண். மேஜைமேல் ஆறு பட அட்டைகளை வைத்து, ஒன்றோடொன்று சேர்ந்ததைச் சேர்த்து வை என்றாள். அதையும் ஸ்லோவாக் மொழியில் சொன்னாள். அராங்காவுக்கு அந்த மொழியில் பத்து வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். பயத்தில் ஓர் அட்டையின் மூலையைக் கடித்துவிட்டாள், அதற்கு அடி வாங்கினாள். அவளுக்கு நினைவில் நின்றது அந்த அடி மட்டும்தான். என்ன படம், என்ன பதில் சொன்னாள் என்பதெல்லாம் மறந்து போயிற்று.

முடிவு ஒரு தாளில் வந்தது. மன வளர்ச்சிக் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாத அவள் அம்மா அதன் அடியில் கையெழுத்துக்குப் பதிலாக மூன்று சிலுவை போட்டுக் கொடுத்தாள். பிள்ளைக்கு மதியம் சூப் கிடைக்கும் என்று மட்டுமே அவளிடம் சொல்லியிருந்தார்கள். சிறப்புப் பள்ளியில் ஒன்பது வருஷம் உருளைக்கிழங்கு தோல் சீவவும் பொத்தான் தைக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் மூன்று வயதிலேயே உருளைக்கிழங்கு சீவியவள் அவள்.

என் தம்பி கோலோமானைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் எது கேட்டாலும், "எனக்கு வெளங்காது அண்ணி, நான் மந்தம்" என்பாள். கோபமாகச் சொல்ல மாட்டாள். எனக்கு உயரம் குறைவு என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்வாள். ஊராட்சி ஒட்டும் அறிவிப்புகளையும், என் அம்மாவின் மாத்திரைச் சீட்டையும், தெருவில் கிடக்கும் செய்தித்தாளையும் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டித் தானாகவே வாசிக்கக் கற்றவள். இருந்தும் அந்தத் தாளில் எழுதியிருந்ததைத்தான் நம்பினாள்.

அவள் மகள் வனேசாவுக்குப் போன இலையுதிர் காலத்தில் ஆறு வயது முடிந்தது. மேட்டு ஊர்ப் பள்ளி வாசலில் அப்போது நட்சத்திரங்கள் போட்ட நீலப் பலகை புதிதாக நின்றது. 'எல்லோரும் ஒன்றாக' என்று திட்டத்துக்குப் பெயர். ரோமா பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைப்பதற்கு ஐரோப்பாவே சேர்ந்து போட்ட திட்டமாம். பலகைப் படத்தில் எங்கள் பிள்ளை ஒன்று பல் தெரியச் சிரித்தது. உள்ளே போனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பின்பக்கக் கதவு, தனி வகுப்பு. திட்டத்தின் பொறுப்பாளர் யார் தெரியுமா? தலை நரைத்த அதே ஒதீலியா பிளாஷ்கோவா.

சோதனை முடிந்து வனேசா துள்ளிக்கொண்டு வந்தாள். நானும் அராங்காவும் அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தோம்.

"அம்மா, ரொம்ப லேசு! சிவப்பு பேசின் கூட தட்டையும் கரண்டியையும் வச்சேன். நீல பேசின் கூட சட்டையையும் காலுறையையும் வச்சேன். அந்தம்மா ரெண்டு பேசினையும் சேத்து வைங்குது. அய்யே! நான் மாட்டேன்னுட்டேன்."

"சரியாத்தாண்டி வச்சிருக்க, தங்கம்" என்றேன் நான்.

எங்கள் வீடுகளில் எப்போதும் இரண்டு பேசின் இருக்கும். ஒன்றில் மாவு பிசைவோம், தட்டு கழுவுவோம். மற்றதில் உள்துணி அலசுவோம், கால் கழுவுவோம். ஒன்றின் பக்கத்தில் மற்றதை வைக்கக்கூட மாட்டோம். இரண்டையும் கலந்தவள் வீட்டில் எங்கள் ஜனம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காது. நடை பழகும் பிள்ளைக்கே இது தெரியும்.

"அந்த நீல பேசின் அட்டைய யாரோ கடிச்சு வச்சிருக்காங்கம்மா. பல்லு தடம் இருக்கு" என்றாள் வனேசா.

அராங்கா கத்தியைக் கீழே வைத்தாள். ஈயாடவில்லை முகத்தில். பிறகு மெல்ல உட்கார்ந்தாள்.

"அது என் பல்லு அண்ணி" என்றாள். "நானும் அதத்தான் சொல்லியிருக்கேன். நான் சொன்னது சரி அண்ணி. அப்பவே நான் சரியாத்தான் சொன்னேன்."

அன்று அவள் அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அழுது முடித்து முகம் கழுவியபோது அவள் வேறு ஆளாக இருந்தாள். கடைக்காரன் விஷயத்தில் பார்த்த அதே முகம்.

ஒரு வாரத்தில் தாள் வந்தது. மன வளர்ச்சிக் குறைவு. என்னையும் கூட்டிக்கொண்டு அராங்கா ஒதீலியாவின் அலுவலகத்துக்குப் போனாள்.

"உக்காரு அராங்கா. நீயும் எங்கிட்ட வந்த பொண்ணுதானே?" என்றாள் ஒதீலியா, சொந்தக்காரியைப் போல.

"ஆமா டாக்டரம்மா. இதுல நான் கையெழுத்து போட மாட்டேன்."

"போட வேணாம். புதுத் திட்டத்துல கட்டாயம் இல்ல. ஆனா முடிவு தப்புன்னு சோதிச்சவங்களே எழுதிக் கொடுத்தாத்தான் சாதாரண வகுப்புல எடுப்பாங்க. நான் தப்பு பண்ணலையே, எப்படி எழுத?"

"எங்க வீட்டுல ரெண்டு பேசினும் வேற வேற டாக்டரம்மா. எம்பொண்ணு சரியாத்தான் சொல்லியிருக்கா."

ஒதீலியா சிரித்தாள். "உலகம் பூரா பேசின்னா பேசின்தாம்மா. இதுகூடத் தெரியாததுக்குப் பேருதான் குறைபாடு. நல்லதுக்குத்தான் சொல்றேன். உனக்கென்ன, ஒம்பது வருஷம் படிச்சு நல்லாத்தானே இருக்க?"

எனக்கு அவள் கன்னத்தில் ஒன்று விட வேண்டும்போல இருந்தது. அராங்கா என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

மாசி மாதக் குளிரில் ஒரு செய்தி வந்தது. திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தலைநகரத்திலிருந்து ரூமான் என்ற அதிகாரி வருகிறார், ஒரு ரோமா குடும்பத்தின் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டுமாம். அராங்கா என்னையும் இழுத்துக்கொண்டு நேராக ஒதீலியாவிடம் போனாள்.

"எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க டாக்டரம்மா. அன்னைக்குக் கோவத்துல பேசிட்டேன். உங்களுக்குன்னு பிஷோட்டி பண்றேன்."

ஒதீலியாவுக்கு வாயெல்லாம் பல். திரும்பும் வழியில் நான் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, உனக்கு சூடு சொரணை இருக்கா? அவ கால்ல போய் விழுந்துட்டு வர்றியே!"

"பேசாம சந்தைக்கு வாங்க அண்ணி. சாமான் வாங்கணும்" என்றாள்.

அதிகாரி வந்த அன்று வீடு பளபளவென்று இருந்தது. எங்கள் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்றார்கள். அதிகாரி ரூமான் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். அவருக்கு அடுப்பிலிருந்த பானையிலிருந்து பிஷோட்டி எடுத்து வைத்தாள் அராங்கா. உருளைக்கிழங்கு பூரணம் வைத்து வேகவைத்த மாவுக் கொழுக்கட்டை, மேலே ஆட்டுப்பால் சீஸும் உருக்கிய கொழுப்பும். ஒதீலியாவுக்கு மட்டும் மூலையில் மூடி வைத்திருந்த நீலப் பேசினிலிருந்து எடுத்தாள்.

"இது உங்களுக்குன்னே தனியா டாக்டரம்மா."

ஒதீலியா ஏழு தின்றாள். "பாருங்க சார், எவ்வளவு நல்லா ஒத்துழைக்கிறாங்க" என்று வாயில் கொழுக்கட்டையோடு சொன்னாள். சுவரோரம் நின்ற பெண்கள் நீலப் பேசினையே பார்த்தார்கள். பெரியவள் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அராங்கா தன் சிவப்புப் பேசினை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நீலப் பேசினையும் தூக்கி வைத்தாள். இரண்டுக்கும் நடுவே வனேசாவின் தாளை வைத்தாள்.

"சார், எம்பொண்ணு இந்த ரெண்டும் வேறன்னு சொல்லிச்சு. அதனால மந்தம்னு எழுதிட்டாங்க. டாக்டரம்மா, சார் முன்னால சொல்லுங்க. இந்த ரெண்டும் ஒன்னா, வேறயா?"

"மறுபடி அதே கதையா?" ஒதீலியா ரூமானைப் பார்த்துச் சிரித்தாள். "ரெண்டும் ஒன்னுதான். இதுல என்ன சந்தேகம்?"

"நல்லது. இந்த நீலத்துலதான் எங்க மாமனாருக்குப் புண்ணுக்கால் கழுவுவேன். எல்லாரோட உள்துணியும் இதுலதான் அலசுவேன். உங்களுக்கு மாவு பிசைஞ்சதும் இதுலதான்."

ஒதீலியாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. வெள்ளை வெளேரென்று எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். குழாயடியில் குனிந்து அவள் ஓங்கரித்த சத்தம் குடியிருப்பு முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்க ஓடி வந்தன. சொல்லக் கூடாது, எனக்கு உள்ளே இனித்தது.

அராங்கா வாசற்படியில் நின்றாள். "ஏன் டாக்டரம்மா? சோப்பு போட்டுக் கழுவித்தான் வச்சிருந்தேன். உலகம் பூரா பேசின்னா பேசின்தானே?"

"நீ மனுஷியா?" என்றாள் ஒதீலியா, வாயைத் துடைத்தபடி.

"உங்க கொடலே சொல்லிருச்சு ரெண்டும் வேறன்னு. எம்பொண்ணு வாயால சொன்னா, அவ்வளவுதான். உள்ள வந்து எழுதிக் கொடுங்க."

ரூமான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் தட்டை ஒருமுறை பார்த்தார்.

"உங்களோடது பானையில பண்ணது சார், சாப்பிடுங்க" என்றேன்.

ஒதீலியா உள்ளே வந்ததும் அவர் தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "எழுதுங்க" என்றார்.

"ஒரு அட்டைய மட்டும் வச்சு முடிவு பண்ணலை சார்..."

"மத்ததை நான் வேற ஆளை அனுப்பிச் சோதிக்கிறேன், ரோமா பேசத் தெரிஞ்சவங்களா. முதல்ல இதை எழுதுங்க."

ஒதீலியா உட்கார்ந்து எழுதினாள். குழந்தையின் பதில் சரியானது, முடிவு தவறு. அராங்கா அந்த இரண்டு வரியையும் சத்தம் போட்டு, ஓர் எழுத்து விடாமல் வாசித்துக் காட்டினாள். ஈஸ்டர் முடிந்ததும் வனேசா முன்பக்கக் கதவு வழியாகப் பள்ளிக்குள் போனாள்.

இதோடு முடித்துவிட்டால் எங்கள் வீட்டின் பேர் கெட்டுவிடும். அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன். அந்த நீலப் பேசின் புத்தம் புதுசு. சந்தையில் நானும் அவளும் சேர்ந்து வாங்கியது, அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை அராங்கா நகத்தால் உரித்துப் பத்திரமாக வைத்திருந்தாள். உள்துணி அலசும் பேசினில் மாவு பிசைய ஒரு ரோமா பெண்ணின் கை வருமா? விஷம் வைக்கச் சொன்னால்கூட வைத்திருப்பாள், அதைச் செய்யமாட்டாள். அன்று மாலையே சுவரோரம் நின்ற பெண்களுக்கெல்லாம் அந்தச் சீட்டைக் காட்டி, அதே பேசினிலிருந்து ஆளுக்கொரு பிஷோட்டி கொடுத்தாள். சிரித்துச் சிரித்துத் தின்றார்கள். குடியிருப்பில் முந்நூறு பேருக்குத் தெரியும், ஒருத்தர்கூட மேட்டு ஊரில் மூச்சு விடவில்லை.

ஒதீலியா இப்போது வெளியில் எங்கேயும் சாப்பிடுவதில்லையாம். திட்டத்தின் விருந்துகளில்கூடத் தண்ணீர்ப் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று பள்ளியில் கூட்டிப் பெருக்கும் எங்கள் பெண் ஒருத்தி வந்து சொன்னாள். உடம்பு பாதியாகிவிட்டதாம். கேட்டு எனக்கே கொஞ்சம் ஒருமாதிரி ஆயிற்று.

"போதுமேடி" என்றேன். "புது பேசின்னு சொல்லிரலாம். வயசான பொம்பளை."

அராங்கா நீலப் பேசினில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அவ எழுதுன பொய்ய நான் இருபத்தெட்டு வருஷம் நம்புனேன் அண்ணி" என்றாள். "நான் சொன்ன பொய்ய அவ நம்பட்டும்."