கேமராவை விட்ட கை

விசாரணையில் நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒருவர் போர் விமானம் ஓட்டும் வாய்ப்பை இழந்தார். அதற்கான சாட்சி இத்தனை வருடங்களாக காஞ்சிபுரத்தில் என் வீட்டுக் கூடத்திலேயே புகைப்படமாகத் தொங்குகிறது. மேகங்களுக்கு மேலே ஒரு போர் விமானம்; கண்ணாடிக் கூண்டுக்குள் விமானியின் தலை என் பக்கம் திரும்பியிருக்கிறது; பின்னால் அடிவானம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஊருக்கு வந்து, அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்து போகிறவர்கள், “அந்தச் சாய்வுதான் சார் அழகு” என்பார்கள். நான் மறுத்ததில்லை.

விமானப் படையில் நான் புகைப்படக்காரன். பறக்கும் விமானத்தைப் படமெடுக்க இன்னொரு விமானத்தில் போக வேண்டும். எங்களுடையது மெதுவாகப் போகும் சரக்கு விமானம். அதன் பின்கதவைத் திறந்துவிட்டு, இடுப்பு வாரைத் தரை வளையத்தில் மாட்டிக்கொண்டு விளிம்பில் உட்காருவேன். போர் விமானம் எங்கள் வேகத்துக்கு இறங்கி வருவதே சிரமம். மூக்கைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி வரும். அதனால் இடைவெளி எவ்வளவு என்பதைத் தரையிலேயே பேசி முடிவு செய்வார்கள். கிட்டே வர வேண்டுமென்றால் நான் எங்கள் கேப்டனிடம் சொல்ல வேண்டும். அவர்தான் ரேடியோவில் அந்த விமானியிடம் சொல்வார். நான் நேராகக் கைகாட்டக் கூடாது.

அன்றைய விமானி எங்கள் ஊருக்குப் பக்கத்து முசரவாக்கத்துக்காரர். எங்கள் நெசவாளர் தெருவுக்குப் பாவு நீட்ட, அதாவது தறிக்கான நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்ட, வந்த கூலியாட்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். விமானி அதிகாரி, நான் சாதாரண ஆள். ஆனாலும் யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் ஊர்ப் பேச்சுதான். அன்று காலைகூட, “இன்னாபா போட்டோக்காரரே, எங்கப்பனுக்கு அனுப்பற மாதிரி ஒண்ணு எடு. மூஞ்சி தெரியணும்” என்றார். “முகமூடி போட்டுக்கினு மூஞ்சி எப்படி சார் தெரியும்?” என்றேன். “கிட்ட வந்தா கண்ணாவது தெரியும்பா” என்று சிரித்தார்.

மேலே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவரைக் கிட்டே வரச் சொல்லும்படி கேப்டனிடம் கேட்டேன், “இது போதும்” என்று மறுத்துவிட்டார். தறி ஓடும் வீட்டில் வாயால் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. கையை நீட்டி விரலை மடக்கினால் வந்து நிற்பார்கள். தெருவில் பாவு நீட்டும்போதும் அந்தக் கோடியிலிருப்பவரை அப்படித்தான் கூப்பிடுவோம். லென்ஸைத் தாங்கியிருந்த என் இடக்கை அதைத்தான் செய்தது. வேறு ஊர் விமானியாக இருந்தால் கவனித்திருக்க மாட்டார். இவர் திரும்பிப் பார்த்தார், வந்தார். வலக்கையால் மட்டும் பிடித்திருந்த கேமரா சரிய, அந்த நொடியில் பொத்தானை அழுத்தினேன்.

அடுத்த கணம், நெருங்கி வந்த விமானத்தின் காற்று எங்கள் விமானத்தைத் தூக்கிப் போட்டது. கேப்டன் ரேடியோவில் கத்தினார். போர் விமானம் இறக்கையைச் சாய்த்துக் கீழே விலகிப் போனது. யாருக்கும் அடி இல்லை.

விசாரணையில் அந்த விமானி, “கிட்டே போனது என் தவறு. புகைப்படக்காரர் கையால் அழைத்தார்” என்றார். என்னைக் கேட்டார்கள். “என் இரண்டு கையும் கேமராவில் இருந்தன” என்றேன். படம் எடுப்பவனுக்குக் கை எங்கே இருக்கும்? நம்பினார்கள். சாய்வு, விமானம் குலுங்கியதால் வந்தது என்று முடிவு செய்தார்கள். சாகசம் காட்டியவர், பழியையும் பிறர் மேல் போட்டவர் என்று அவருக்குப் பெயராயிற்று. மேசை வேலைக்கு மாற்றினார்கள். மறுபடி அவர் போர் விமானத்தில் ஏறவே இல்லை. எனக்கு அந்தப் படத்தால் பாராட்டு கிடைத்தது.

ஓய்வுபெற்று அவர் ஊரோடு வந்துவிட்டார் என்று போன வருடம்தான் தெரிந்தது. படத்தை எடுத்துக்கொண்டு முசரவாக்கம் போனேன். அவர் மனைவியும் கூட இருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் என்னை உட்காரச் சொல்லவில்லை. “எங்க மாமனார் சாவுற வரைக்கும், ஜம்பம் காட்டிக் கெட்டான்னு சொல்லிக்கினே இருந்தாரு. தெரியுமா?” என்றார்.

படத்தை நீட்டினேன். அவர் கணவர் வாங்கவில்லை. “விமானத்தை ஓட்டற ஸ்டிக்கு என் கையில இருந்துது. நான் வந்ததை நான் ஒத்துக்கினேன். நீ கூப்பிட்டதை நீ ஒத்துக்கல. எனக்கு எதுக்குப்பா இது? உன் வீட்லயே மாட்டு. சாய்வு நல்லா இருக்குதுன்னு எவனாவது சொன்னா, ஏன் சாஞ்சுதுன்னு சொல்லு” என்றார்.

அன்றிலிருந்து சொல்லி வருகிறேன். சிலர், “விடுங்க சார், பழைய கதை” என்கிறார்கள். சிலர் அதற்கப்புறம் வருவதில்லை. என் மகனுக்கு இதில் வருத்தம். படைத் தலைமையகத்துக்கும் எழுதினேன், பதில் இல்லை.

போன வாரம் அவரும் மனைவியும் முன்னறிவிப்பில்லாமல் வந்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மாள் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். கண்ணாடிக் கூண்டுக்குள் திரும்பியிருந்த தலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம், “எப்படிக் கூப்பிட்டீங்க? காட்டுங்க” என்றார்.

இடக்கையை நீட்டி விரலை மடக்கிக் காட்டினேன்.

அந்த அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். “இதை அன்னிக்கே மாமா கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னேனே” என்றார் அவர், படத்தைப் பார்த்தபடியே. “உங்கிட்டயும்தான் சொன்னேன். நீங்க யாரும் நம்பல.”