காலடிச் சத்தம் நின்ற பிறகு

என் அக்காவின் கணவருக்குச் சினிமாவில் நடப்பதுதான் வேலை. நடிப்பது இல்லை, நடப்பது. திரையில் கதாநாயகி குதிகால் செருப்போடு படியேறினால், அந்த டக் டக் அவளுடையது அல்ல, என் மாமாவுடையது. படப்பிடிப்பில் பதிவாகும் காலடிச் சத்தம் பெரும்பாலும் உதவாதாம். பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே நடந்து அதைச் சேர்க்க வேண்டும். மீசையும் தொப்பையுமாக ஒரு மனிதர், தன் அளவுக்குச் சொல்லிச் செய்த பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பதை முதல் தடவை பார்த்தபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் முறைத்தார். என் சிரிப்பும் பதிவாகிவிட்டதால் அந்த இடத்தை மறுபடி நடந்தார்.

கூடத்தில் அவரைக் 'காலடியார்' என்பார்கள். பாதி மரியாதை, பாதி நக்கல். அவர் முழுவதையும் மரியாதைக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டார். அவருடைய அறையில் தரை முழுக்கச் சதுரம் சதுரமான தொட்டிகள். ஒன்றில் மணல், ஒன்றில் ஜல்லி, ஒன்றில் மரப்பலகை, ஒன்றில் உடைந்த ஓடு. சுவரோரம் நாற்பத்து மூன்று ஜோடி செருப்பும் ஷூவும். போலீஸ்காரர், திருடன், கல்யாணப் பெண், குழந்தை எல்லாரும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எனக்கும் காதுதான் சோறு போடுகிறது. ஆனால் அவர் காது வேறு ரகம். முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "இடது ஷூ குதிகால் தேஞ்சிருக்கு. உனக்கு முதுகு வலிக்குமே" என்றார். வலித்தது. அன்றைக்கே அவரை எனக்குப் பிடிக்காமல் போனது. அக்காவுக்குப் பிடித்துவிட்டது.

அக்கா ஓயாமல் பேசுகிறவள். அவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஆள். எப்படியோ இருபத்திரண்டு வருஷம் ஓட்டினார்கள். பிள்ளை இல்லை. அவர் வீட்டிலும் ரெக்கார்டரும் கையுமாகத்தான் அலைவார். கதவுக் கீல், குழாய்ச் சொட்டு, ஜன்னல் கொக்கி என்று எதையாவது பிடித்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அக்கா பேசக் கூடாது. "இந்த வீட்டுல கதவுக்கு இருக்கற மதிப்பு எனக்கு இல்ல" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். எனக்குக் கோபம் வரும், அவளுக்கு வராது.

இரண்டு வருஷத்துக்கு முன் அக்கா குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். இதயத் துடிப்பு தாளம் தப்புகிறது என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு மாமாவையும் என்னையும் தனியே கூப்பிட்டார். "மறுபடி விழுந்தா துடிப்பே நின்னுடலாம். அப்ப ஒவ்வொரு நிமிஷமும் உசிரு. நெஞ்சை எப்படி அமுக்கறதுன்னு கத்துக்குங்க. யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க" என்றார். இரண்டு பேரும் கற்றுக்கொண்டோம். மாமா என்னைவிட நன்றாகச் செய்தார்.

அதன்பின், அவர் கூடத்துக்குப் போகும் நாட்களில் நான் அக்காவுக்கு நாலு தடவை போன் செய்வேன். அவர் வீட்டில் இருக்கும் நாளில் செய்ய மாட்டேன். அடுத்த தெருவில் ஊசி விழுந்தாலும் கேட்கிற மனிதர் பக்கத்தில் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தத் திகில் படம் வந்து சேர்ந்தது. டைரக்டருக்கு அது முதல் படம். படத்தின் முதல் காட்சியில் ஒரு பெண் பட்டப்பகலில் தனியாக உட்கார்ந்து துணி மடிக்கிறாள். பக்கத்து அறையில் யாரோ வெறுங்காலோடு நடக்கும் சத்தம் கேட்கிறது. அவள் கை நிற்கிறது. உடனே அந்தச் சத்தமும் நிற்கிறது. அவ்வளவுதான் காட்சி. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, யாருடைய நிழலும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மாமா அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

"சத்தம் கேக்கற வரைக்கும் பயம் இல்லடா. ஆள் எங்க இருக்கான்னு தெரிஞ்சுடுதுல்ல? நின்னாத்தான் தெரியாது. கதவுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா, நம்ம முதுகுக்குப் பின்னாலயான்னு மனசு தானா தேட ஆரம்பிச்சுடும். அங்கதான் காட்சியே இருக்கு."

"சரி, எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்றேன்.

"அதுதான் பிடிபட மாட்டேங்குது. கொஞ்சமா விட்டா யாருக்கும் உறைக்காது. அதிகமா விட்டா தியேட்டர்ல இரும ஆரம்பிச்சுடுவாங்க."

"இருமட்டுமே, அந்தச் சத்தத்தையாவது நீங்க போட வேணாமில்ல" என்றாள் அக்கா.

ஒன்பது நாள் நடந்து பார்த்தார். டைரக்டர் ஒவ்வொரு தடவையும் தலையைச் சொறிந்துகொண்டு, "நல்லாருக்கு சார், ஆனா பயமா இல்ல" என்றாராம். மாமாவுக்குக் கோளாறு புரிந்துவிட்டது. எங்கே நிற்கப் போகிறோம் என்று நடக்கிறவருக்குத் தெரியும். நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாது இல்லையா, அந்தக் கதைதான். வேறு யாராவது நடந்து, அவர் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம். மைக்கைப் படுக்கையறை நிலைப்படியில் வைத்தார். அவர் வெளியே ஹாலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"நீ உள்ள நட. எங்க தோணுதோ அங்க நில்லு, எனக்குச் சொல்லாத. நின்னுட்டா, நான் கூப்பிடற வரைக்கும் அசையக் கூடாது, மூச்சுகூட விடக் கூடாது."

"மூச்சு விடாம நின்னா நீங்க கூப்பிடறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்" என்று அக்கா சிரித்தாள்.

முதல் தடவை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது தடவை முழங்கால் சொடக்கிட்டது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. பதினோரு அடி நடந்தாள், நின்றாள். கட்டிலில் போர்வை சரிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். பிறகு ஒரு மூச்சு, இழுத்து இழுத்து, கரகரவென்று. மாமாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூச்சு விடாதே என்று சொன்னால், அதைவிட நன்றாக ஒன்று செய்கிறாளே, இவளுக்கு இவ்வளவு நடிப்பு வருமா என்று நினைத்தாராம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முப்பது செகண்ட், நாற்பது. பயம் கலையவே இல்லை. பிறகு மூச்சும் நின்றது. அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் கூப்பிட்டார். பதில் இல்லை. விளையாடுகிறாள் என்று சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்புறம்தான் எழுந்து போனார்.

அக்கா கட்டிலில் சரிந்து கிடந்தாள். தரையில் இறக்கி, நெஞ்சைச் சரியாகத்தான் அமுக்கினார். பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். வழியில் துடிப்பு திரும்பிவிட்டது. ஆனால் அக்கா கண் திறக்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, டாக்டர் மாமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "விழுந்து எத்தனை நிமிஷத்துல பாத்தீங்க? சுமாரா சொல்லுங்க."

"மூணு நிமிஷம் ஐம்பது செகண்ட்" என்றார் மாமா.

டாக்டர் தலை நிமிர்ந்தார். "அவ்வளவு சரியா எப்படித் தெரியும்?"

"பதிவு பண்ணிட்டிருந்தேன்."

டாக்டருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. அத்தனை பேர் பார்க்க அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. அந்த இடத்திலேயே நடந்ததை ஒன்று விடாமல் என்னிடம் சொன்னார். கடைசியில், "முதல் தடவையா எனக்கே பயமா இருந்ததுடா. கலைக்க மனசு வரல" என்றார். சட்டையைப் பிடித்ததற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. நான்காம் நாள் காலையில் அக்கா போய்விட்டாள். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன்.

மாமா மறுபடி கூடத்துக்குப் போகவில்லை. டைரக்டர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார். ஐந்து மாதம் கழித்துப் படம் வெளியானது. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை, பகல் காட்சிக்குப் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண் துணி மடித்தாள். பக்கத்து அறையில் காலடி கேட்டது, நின்றது. தியேட்டரே அடங்கிப்போனது. என் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. டப்பென்று கதவு சாத்திக்கொண்டது, எல்லாரும் அலறினார்கள்.

நாலே செகண்ட் போதுமாக இருந்திருக்கிறது. எழுந்து வெளியே வந்தேன். அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். இதை அந்த மனிதரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் மறுவேலை என்று பஸ் ஏறினேன்.

கதவு திறந்தே கிடந்தது. மாமா ஹாலில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். நான் வந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அவ குரல் இது ஒண்ணுலதாண்டா இருக்கு" என்றார். "வீடு பூரா டப்பா டப்பாவா சத்தம் வச்சிருக்கேன். அவ பேசினது வேற எதுலயும் இல்ல."

"தினமும் கேக்கறீங்களா?"

"கேக்கறேன். என்ன நடக்கும்னு தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவை சீக்கிரம் கூப்பிட்டுடுவேன்னு உக்காந்திருக்கேன்."

சொல்ல வந்ததை விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அக்கா குரலைக் கேட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாட்டிக்கொண்டேன்.

சிரித்தாள். ஏதோ முணுமுணுத்தாள். பிறகு நடந்தாள். அவள் நடையை எனக்கு நன்றாகத் தெரியும், வலது காலை லேசாகத் தேய்ப்பாள். பதினோரு அடி. நின்றது. போர்வை சரிந்தது. அந்த மூச்சு தொடங்கியது.

"அக்கா!" என்று கத்திவிட்டேன்.

ஹெட்ஃபோனைப் பிடுங்கிப் போட்டேன். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"அன்னைக்கு நீ இங்க இருந்திருந்தா அவ பொழைச்சிருப்பாடா" என்றார்.

இல்லை மாமா, அப்படியெல்லாம் இல்லை என்று யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.