ஒரு பியானோவும் நான்கு பெண்களும்

அறுபதுகளில் செஞ்சியில் எனக்குத் தெரிந்து பியானோ இருந்த இடம் தேவாலயத்தை ஒட்டிய கூடம் ஒன்றுதான். போதகரின் மனைவி எனக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் சமணக் குடும்பம். நைனாவுக்கு வேர்க்கடலை மண்டி. பெண் ஏதோ கற்றுக்கொள்கிறாள் என்று விட்டுவிட்டார்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது என் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் தாங்களும் வரலாமா என்று கேட்டார்கள். "எல்லாரும் ஒண்ணாவே வாங்க" என்று சொல்லிவிட்டார் அம்மையார். எனக்குக் கோபம். ஒரே பியானோவை நான்கு பேர் எப்படி வாசிப்பது?

ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் தாளம் தட்டிப் பாட வேண்டும். தனியாக வாசித்தபோது தப்பு வந்தால் நிறுத்தி, முதலிலிருந்து தொடங்குவேன். இங்கேயும் நிறுத்தினேன். பாட்டு நிற்கவில்லை. அந்த மூவரில் பெரிய குரல்காரி, எங்கள் நிலத்தில் வேலை செய்தவரின் மகள், பாடி முடித்துவிட்டுக் கேட்டாள்: "நீ இன்னாத்துக்கு நிறுத்துற? நாங்க போய்க்கினே இருப்போம். வந்து புடிச்சிக்கோ."

பிடிக்கக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொருத்தி தொண்டைக்கும் ஒரு சுருதி என்பதால் ஒரே பாட்டை ஏற்றியும் இறக்கியும் வாசிக்கக் கை பழகியது.

அந்தக் கூடத்திலேயே நடந்த பள்ளி ஆண்டு விழாவில் அந்தப் பெரிய குரல்காரி பாடினாள், நான் வாசித்தேன். கூட்டத்தைப் பார்த்த வேகத்தில் சுருதியை ஏற்றி எடுத்துவிட்டாள். முதல் வரி முடிவதற்குள் நானும் அங்கே போய்விட்டேன். விருந்தினராக வந்திருந்த திண்டிவனம் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியின் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"அவ மேல எடுத்தா. நீ எப்படி உடனே மாத்தின?"

"எங்க கிளாஸ்ல தெனமும் அப்படித்தான், டீச்சர்."

"படிப்பு முடிஞ்சதும் எங்க பள்ளியில வந்து சேரு. பாட்டு வகுப்புக்கு வாசிக்க ஆள் வேணும்."

"அவளையும் சேத்துக்குவீங்களா?"

"அவளை விட்டுட்டு உன்னை மட்டும் எதுக்குக் கூப்பிடப் போறேன்?" என்றார்.

பள்ளி இறுதித் தேர்வில் இருவரும் தேறினோம். நைனா மட்டும் மறுத்தார். "தனியா ஹாஸ்டலுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன்."

"தனியா இல்ல நைனா. அவளும் வர்றா."

மறுநாள் அவள் குடும்பம் இருந்த தெருவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அதுவரை அந்தத் தெருவுக்குள் அவர் போனதே இல்லை. அவளுடைய அம்மா வாசலுக்கு வந்தார்.

"ரெண்டும் ஒண்ணா போயி ஒண்ணா வரட்டும்" என்றார் நைனா.

"எங்களுக்கும் தனியா அனுப்பத்தான் பயமா இருந்துச்சி. ரெண்டு பேருன்னா போவட்டுங்க."

விடுதியில் ஒரே அறை கேட்டு வாங்கினோம். பின்னாளில் இருவரும் ஆசிரியைகள் ஆனோம். ஆனால் அதற்கெல்லாம் முன்பே, போன முதல் வாரத்திலேயே, விடுதிப் பெண்களைச் சேர்த்து ஒரு பாட்டுக் குழு தொடங்கிவிட்டோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால்தானே வேண்டாம் என்பார்கள்.