மாடுகளுக்கு ஒரு சீப்பு

எங்கள் ஊரில் 'கல்' என்றால் இனா கார்கிலின் மேய்ச்சல் நிலத்தில் நிற்பதுதான். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன் ஸ்காட்லாந்தில் இங்கே வாழ்ந்த பிக்ட் என்ற பழங்குடி மக்கள் அதில் ஒரு மீன், ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு செதுக்கினார்கள். ஏன் என்று படித்தவர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இனாவின் புருஷன் டூகல் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்தது அதனடியில். அவன் செத்த பிறகும் தினம் சாயங்காலம் கல்லில் முதுகைச் சாய்த்து, ஊர் வம்பையெல்லாம் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போவாள்.

போன வசந்தத்தில் தொல்லியல் அதிகாரி அம்மாள் வந்தார்.

"மாடுங்க உரசி உரசி சீப்போட பல்லே மழுங்கிடுச்சு. மியூசியத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்."

"வேலி போட்டேன் மேடம். ரெண்டு தடவ சாச்சிடுச்சுங்க" என்றாள் இனா.

"இலை உதிர்ற நேரத்துல வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா லாரியோடதான் வருவேன்."

பக்கத்து நிலத்துக்காரன் நான், சும்மா இருந்திருக்கலாம்.

"மாட்ட வித்துடேன் இனா."

"உன்ன வேணா விக்கிறேன். எவன் வாங்குவான்?" என்றாள். "அரிச்சா சொறியாம என்ன பண்ணும்? அதுங்களுக்கு வேற சீப்பு குடுக்கணும்."

நிலத்தின் மறுகோடியில் ஒரு தடித்த கம்பம் நட்டு, தொழுவம் கூட்டும் முரட்டு பிரஷ்களை அதைச் சுற்றி அறைந்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாடுகளும் அதைச் சீண்டவில்லை. பிறகு பிரஷ்களில் கரும்புப்பாகைத் தடவினாள். நக்க வந்தவை உரசிப் பார்த்தன. அப்புறம் அந்த இடத்தை விட்டு நகரவேயில்லை.

அதிகாரி சொன்னபடி வந்தபோது, கல்லடியில் சேறாகக் கிடந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. மாடுகள் தூரத்தில் கம்பத்துக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தன. அவர் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இருக்கட்டும். இங்கயே இருக்கட்டும்."

இனா வழக்கம்போல் கல்லில் முதுகைச் சாய்த்தாள்.

"அம்மா! உரசாதீங்க!"

துள்ளி விலகினாள். "ஐயோ மேடம், இத்தன வருஷமா நானும் ஒரு மாடுதான்!"

அழுகையும் சிரிப்புமாக நிலத்தைக் கடந்து போனாள். "தள்ளிக்கடி" என்று ஒரு பசுவை இடித்து நகர்த்திவிட்டு, பிரஷ்களில் முதுகைச் சாய்த்தாள்.

"டூகல்! கேட்டுச்சா? கல்லு எங்கயும் போகல!" என்று அங்கிருந்தே கத்தினாள்.