மூடிய தெற்குச் சுவர்

தொண்ணூறுகளின் கடைசியில் திருநெல்வேலியில் கட்டடக்கலை படித்தேன். இறுதித் தேர்வுக்கு, காயல்பட்டினத்தில் ஒரு காலிமனையில் வீடு கட்டுவதாகக் கம்ப்யூட்டரில் வடிவமைத்திருந்தேன். பக்கத்து வீடுகளையும் கிணறு, துணிக்கொடி வரை அளந்து வரைந்திருந்தேன்.

வந்த தேர்வாளர் எடுத்ததுமே சீறினார். “தெக்க மாடியில ஒரு ஜன்னல்கூட இல்லையே, காத்து எங்கன வரும்? இதுக்கு மார்க் போட முடியாதும்மா.”

“காத்துக்கு நடுவுல முற்றம் விட்டிருக்கேன் சார். தெக்க பக்கத்து வீட்டு முற்றம். அங்க நம்ம கண்ணு விழக் கூடாது. எங்க மார்க்கத்துல அது அண்டை வீட்டுக்காரங்க ஹக்கு, அவங்க உரிமை.”

“மார்க்கம் வேற, கட்டடம் வேற. ஜன்னல் வச்சுக் காட்டு.”

எனக்கும் வீம்பு. சுவரில் ஜன்னல் வைத்து, அங்கே நின்றால் தெரியும் காட்சியைக் கம்ப்யூட்டரை வரையவிட்டேன். திரையில் படம் மேலிருந்து வரிவரியாக மெல்ல இறங்கியது. ஓடு தெரிந்தது. பிறகு கொடியில் காயும் சேலை. அடுத்து கிணற்றடிதான். என் கை ஸ்விட்சை நோக்கிப் போனது.

“யாரு வீடும்மா இது?”

“எங்க வீடு சார். அடுத்து வரது உம்மா குளிக்கிற இடம்.”

சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அணைச்சிரும்மா. சுவர் இருக்கட்டும்.”

அணைத்தேன். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் முற்றம் எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்கும் தெரியாது.